அது முத்தம் இல்லை, தம்பி
கடல்மீன் தொட்டி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் எங்கள் வீட்டு க்ளவுன் மீன் (கோமாளி மீன்) முட்டையிட்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்கள் மீன்கள் ஜோடி சேர்ந்துவிட்டனவா, எப்படித் தெரிந்துகொள்வது?" ஆகவே உப்பு அளவு, ஃபில்டர், பாசி எல்லாவற்றையும் இந்த மாதம் ஓரமாக வைத்துவிட்டேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விஞ்ஞானி இல்லை. புதுச்சேரியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் 31 வருஷம் உதவியாளராக இருந்தவள். ஃபார்மலின் பாட்டிலில் ஊறிக் கிடக்கும் மீன்களைத் துடைத்து அடுக்கி அலுத்துப்போய், உயிரோடு இருப்பதையும் கொஞ்சம் பார்ப்போமே என்று முத்தியால்பேட்டை வீட்டு ஹாலில் தொட்டி வைத்தேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். சுமார் 250 லிட்டர் பிடிக்கும். பக்கத்தில் ஒரு மர ஸ்டூல், ஒரு நோட்டு. அவ்வளவுதான் என் ஆராய்ச்சிக்கூடம்.

கேள்வி: அக்கா, கடையில் "கன்ஃபார்ம் ஜோடி" என்று இரண்டு க்ளவுன் கொடுத்தார்கள். தனித்தனியாக வாங்குவதைவிட 600 ரூபாய் கூடுதல். இரண்டும் ஒரே அளவு. முதல் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டே சுற்றின. இப்போது பத்து நாளாக வாயோடு வாய் வைத்துக் கவ்வி இழுக்கின்றன. என் நண்பன் முத்தம் என்கிறான். ஒன்றின் வால் கிழிந்திருக்கிறது. இவை ஜோடிதானா? (வாசகர், நெல்லித்தோப்பு)

பதில்: அது முத்தம் இல்லை, தம்பி. மல்யுத்தம். இரண்டுமே அந்த வீட்டுக்குப் பெரியவளாக வரப் பார்க்கின்றன.

க்ளவுன் குஞ்சு முட்டையை விட்டு வரும்போதே ஆண், பெண் என்று முடிவாகி வருவதில்லை. சேர்ந்து வாழும் கூட்டத்தில் எது பெரியதோ, எது மற்றவற்றை அடக்கி வைக்கிறதோ அது பெண்ணாகிறது. அதற்கு அடுத்தது ஆண். மூன்றாவது, நாலாவதாக இருப்பவை வளர்ச்சியை அடக்கிக்கொண்டு குட்டையாகவே காத்திருக்கும். ஆணாக இருந்தது பெண்ணாகலாம். பெண்ணாகிவிட்டது திரும்ப ஆணாகாது. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் க்ளவுன் பற்றிய முக்கால்வாசிக் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது.

அதனால்தான் ஒரே அளவில் இரண்டைப் பிடித்துக் கவரில் போட்டு ஜோடி என்று யாராவது நீட்டினால் எனக்குச் சிரிப்பு வரும். நன்றாகச் சேர்ந்துவிட்ட ஜோடியில் பெண் கண்ணுக்குத் தெரியும்படி பெரிதாக இருக்கும். கடையில் ஜோடி என்பது பல நேரம் விலைப் பட்டியலில் உள்ள ஒரு சொல். எல்லாக் கடையையும் சொல்லவில்லை. மூன்று மாதம் ஒரே தொட்டியில் வைத்து, முட்டை போட்ட சட்டியோடு சேர்த்துக் கொடுத்த கடைக்காரரையும் பார்த்திருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் ஒட்டிக்கொண்டிருந்தன என்கிறீர்கள். அதை நம்பிவிடாதீர்கள். புது ஊர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி இறங்கிய இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். விடிந்தால் அவரவர் வழி. மீனும் அப்படித்தான். பயம் தெளியப் பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகு நடப்பதுதான் கணக்கு.

நீங்கள் பார்க்க வேண்டியது நடுக்கம். சின்னது பெரியதின் எதிரே வந்து, உடம்பை லேசாகச் சாய்த்து, தலையிலிருந்து வால் வரை கிடுகிடுவென்று நடுங்கும். இரண்டு மூன்று விநாடிதான். முதல் தடவை பார்த்தபோது ஜன்னி வந்துவிட்டது என்று மருந்து பாட்டிலைத் தேடி ஓடியவள் நான். அது நோய் இல்லை. "நீதான் பெரியவள், ஒத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும் முறை. அந்த நடுக்கத்துக்குப் பிறகு பெரியது துரத்தாமல் விலகினாலோ, தானும் லேசாகத் தலையை ஆட்டினாலோ, ஒப்பந்தம் முடிந்தது என்று எழுதிக்கொள்ளலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உங்கள் தொட்டியில் இரண்டில் எதுவும் நடுங்கவில்லை. அதுதான் சிக்கல்.

இன்றைக்கே அடிபட்டதைத் துளை போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு அதே தொட்டியில் தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று பார்க்கட்டும், கடிக்க முடியாமல் இருக்கட்டும். வெளியே இருப்பதற்குத் தீனியைக் கொஞ்சம் தாராளமாகப் போடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அளவில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தால், பாறைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே இருந்தது வந்து நடுங்கினால் பிழைத்தீர்கள். மறுபடி வாயைக் கவ்வினால், அநேகமாக இரண்டுமே பெண்ணாகிவிட்டவை. அவற்றை எத்தனை மாதம் வைத்தாலும் சேராது. ஒன்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் பாதி அளவுள்ள குஞ்சு ஒன்றை வாங்கிவாருங்கள்.

இன்னொன்று. பகலில், அதுவும் தீனி நேரத்தில், ஜோடியைத் தேடாதீர்கள். அப்போது எல்லா மீனும் எல்லா மீனோடும் இருக்கும். விளக்கு அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் மீனுக்கு அவ்வளவாக உறைக்காது. இரண்டும் ஒரே மூலையில், ஒரே பாறையோரம் அணைந்து தூங்குகின்றனவா? என் நோட்டில் "ஜோடி" என்று நான் எழுதியதெல்லாம் இரவு பதினோரு மணிக்கு எழுதியவை.

கேள்வி: அம்மா, ஆறு வருஷம் இருந்த எங்கள் க்ளவுன் ஜோடியில் பெண் இறந்துவிட்டது. ஆண் மூலையில் ஒதுங்கியே நிற்கிறது. அதே அளவில் ஒரு பெண் மீன் வாங்கி விடலாமா? (வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: வேண்டாம் அம்மா. வாங்குவதானால் சின்னதாக வாங்குங்கள். உங்கள் ஆணைவிடச் சின்னதாக. காரணம் சொல்ல என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2011 டிசம்பர் 30, தானே புயல். அந்த விடியற்காலை எங்கள் தெரு வேப்பமரம் வேரோடு மின்கம்பத்தின் மேல் சாய்ந்தது. கரண்ட் வர ஒன்பது நாள். என்னிடம் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு இரண்டு இருந்தன, ஆனால் செல் ஒரு நாளைக்கு மேல் தாங்கவில்லை. திறந்திருந்த ஒரே கடையில் மெழுகுவத்திதான் இருந்தது. நானும் வீட்டுக்காரரும் முறை வைத்துக்கொண்டு சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு அடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். தண்ணீரில் காற்று கலக்க வேறு வழி இல்லை. அவருக்கு மீன் என்றால் குழம்புதான். அப்படியும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வந்து ஊற்றினார். மனிதரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை பத்திரிகையில் வந்துவிட்டுப் போகட்டும்.

பதினோரு மீனில் மூன்று பிழைத்தன. பெரிய உடம்புக்காரிக்குக் காற்றும் அதிகம் வேண்டும். நாலாம் நாள் க்ளவுன் பெண் போய்விட்டாள். ஆண் பிழைத்தான். அப்புறம் அவனும் உங்கள் மீனைப் போலத்தான் மூலையில் நின்றான், நாலைந்து நாள் சாப்பிடவில்லை. துக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தத் தண்ணீரில் அம்மோனியா ஏறியிருந்தது, எந்த மீனும் சாப்பிட்டிருக்காது. ஆனால் தண்ணீர் சரியான பிறகும் பழைய தூங்கும் மூலைக்கு அவன் போகவில்லை என்று நோட்டில் இருக்கிறது.

பிப்ரவரியில் சென்னை கொளத்தூர் போய் அரை விரல் நீளத்தில் ஒரு குஞ்சு வாங்கிவந்தேன். அதுவரை பெரியவளைக் கண்டால் நடுங்கிக்கொண்டே இருந்தவன், இதைக் கண்டு ஒரு தடவைகூட நடுங்கவில்லை. ஒரு துரத்து துரத்தினான். மூன்றாம் நாள் குஞ்சு நடுங்கியது. அன்றிலிருந்து அவன் உடம்பு ஏற ஆரம்பித்தது. ஆடி மாதம் பார்த்தால் வயிறு அகன்று, ஆள் வேறு மாதிரி. நோட்டில் அதுவரை "சின்னவன்" என்று எழுதிவந்தவள் என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் கோடு போட்டு விட்டிருக்கிறேன். 2013 தை மாதம், பழைய பெண் முட்டையிட்ட அதே பூச்சட்டிக்குப் பக்கத்தில், சின்னவன் முட்டையிட்டான். இட்டாள்.

புரிகிறதா? இப்போது உங்கள் தொட்டியில் ஒதுங்கி நிற்பது அடுத்த பெண். உடம்புக்குள் மாற்றம் தொடங்கியிருக்கும். சில வாரமோ சில மாதமோ ஆகும். இந்த நேரத்தில் அதே அளவில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய் விட்டால், நெல்லித்தோப்புத் தம்பியின் கதைதான். ஒரு மாதம் விட்டுப் பிடியுங்கள். தண்ணீர் சரியாக இருக்கிறதா, இறந்தது நோயால் இறக்கவில்லையா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் குஞ்சு வாங்குங்கள். முடிந்தால் பண்ணையில் பிறந்த குஞ்சாக.

கேள்வி: அக்கா, வலையில் இரண்டு கடல்குதிரை உயிரோடு வந்தது. வாலும் வாலும் பின்னிக் கிடந்தது. ஜோடிதானே? என் தம்பி தொட்டியில் விட்டு வளர்க்கலாம் என்கிறான். (வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்)

பதில்: முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில். வளர்க்கக் கூடாது. கடல்குதிரைகள் எல்லாமே 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன. புலிக்கு என்ன சட்டமோ அதே சட்டம். பிடித்து வைத்தாலும் காயவைத்து விற்றாலும் ஜெயில்வரை போகிற குற்றம். வலையில் தானாகச் சிக்குவது உங்கள் தப்பு இல்லை. உயிரோடு இருந்தால் அங்கேயே கடலில் விட்டுவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், தொட்டியில் அதற்குத் தீனி போட்டு மாளாது. வயிறு என்ற பையே இல்லாத மீன் அது. நாள் முழுக்க உயிருள்ள பொடி இறாலைக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடலில் பிடித்தது செத்த தீனியைத் தொடாது. பத்து நாளில் காய்ந்து போகும்.

சரி, ஜோடியா? வால் பின்னிக் கிடந்ததை வைத்துச் சொல்ல முடியாது தம்பி. கடல்குதிரைக்கு வால்தான் கை. புல், பாசி, கயிறு, உங்கள் வலை நூல், பக்கத்தில் இன்னொரு கடல்குதிரை, எது கிடைத்தாலும் சுற்றிப் பிடிக்கும். வலைக்குள் பிடித்துக்கொண்டது உயிர்ப் பயம். ஆனால் உங்கள் ஊகத்தின் அடிப்படை தப்பு இல்லை. மீன்களில் ஜோடிப் பிணைப்புக்குப் பேர் போனதே இதுதான். ஆமண்டா வின்சென்ட் என்ற அம்மையார் ஆஸ்திரேலியாவில் சிட்னி பக்கத்துக் கடலில் இறங்கி, அங்குள்ள ஒரு வகைக் கடல்குதிரையை மாதக்கணக்கில் கவனித்தார். தினமும் காலையில் பெண், ஆண் இருக்கும் இடத்துக்கு வரும். இரண்டுக்கும் நிறம் வெளுத்துப் பளிச்சென்று மாறும். ஒரே புல்லைப் பிடித்துக்கொண்டு சுற்றிவரும். சில நிமிஷம்தான். பிறகு பெண் தன் வழியில் போய்விடும். மறுநாள் காலை மறுபடி. குஞ்சைச் சுமப்பது ஆண். வயிற்றுக்குக் கீழே, வால் தொடங்கும் இடத்தில் பை இருந்தால் ஆண். அந்தப் பை நிறைந்திருக்கும் நாட்களிலும் காலை வணக்கம் நிற்பதில்லை, வேறு துணையோடு அதைச் செய்வதும் இல்லை.

நான் இதை முதலில் படித்தது லேபில் பழைய தாள்களை அடுக்கும்போது. எதிர் அலமாரியில், பாட்டிலுக்குள், லேபிள் ஒட்டிய இரண்டு கடல்குதிரைகள் இருந்தன. அன்றைக்கு அந்த அலமாரியைத் துடைக்கவில்லை.

அடுத்த தடவை சிக்கினால் இரண்டையும் ஒரே இடத்தில் விடுங்கள். ஒருவேளை ஜோடியாக இருந்தால்?

கேள்வி: எங்கள் நீல டேம்சல் ஒன்று மற்றதை நாள் முழுக்கத் துரத்துகிறது. காதலா? (கல்லூரி மாணவி, முதலியார்பேட்டை)

பதில்: இடத் தகராறு. டேம்சல் ஆண் ஒரு பொந்தைப் பிடித்துச் சுத்தம் செய்து, மேலும் கீழும் குதித்துக் காட்டிப் பெண்ணை அழைக்கும். பெண் முட்டை வைத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும், காவல் ஆணுடையது. மறுநாள் வேறு பெண் வந்து அதே பொந்தில் வைக்கும். இதில் ஜோடி எங்கே இருக்கிறது? விளக்கு மங்கும் நேரத்தில் மாண்டரின் மீன் இரண்டும் உடம்போடு உடம்பு ஒட்டி மேலே எழும்பும், பார்க்க அப்படி ஒரு அழகு. அதுவும் அந்த நிமிஷத்தோடு சரி. முட்டை போடுவது வேறு, சேர்ந்து வாழ்வது வேறு. உங்கள் தொட்டி இரண்டடி என்று எழுதியிருக்கிறீர்கள். துரத்தப்படுவதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பங்கை கார்டினல் ஆறு வாங்கினேன். நாலு ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுங்கி இறந்துவிட்டன. மிச்சம் இரண்டில் ஒன்று பத்து நாளாகச் சாப்பிடவில்லை. தாடை வீங்கி இருக்கிறது, வாயைத் திறக்காமல் இருக்கிறது. என்ன மருந்து போடலாம்? (வாசகர், வில்லியனூர்)

பதில்: மருந்து பாட்டிலைக் கீழே வையுங்கள் ஐயா. உங்களுக்குப் பேரப்பிள்ளைகள் வரப் போகிறார்கள்.

அந்த வாய் நிறைய முட்டை. பங்கை கார்டினலில் பெண் முட்டையிட்டதும் ஆண் அதை வாயில் வாங்கிக்கொள்ளும். குஞ்சு பொரிந்த பிறகும் உடனே துப்பாது. முட்டை, குஞ்சு இரண்டும் சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு மாதம் வாயில்தான். அதுவரை பட்டினி. தாடை தொங்கினாற்போல், கன்னம் உப்பி, எப்போதாவது உள்ளே இருப்பதை உருட்டுவதுபோல வாயை அசைக்கும். வெளிச்சம் சரியாக விழுந்தால் வாயிடுக்கில் ஆரஞ்சு நிறம் தெரியும்.

நாலு செத்ததற்கும் விடை இதிலேயே இருக்கிறது. இந்த மீன் கூட்டமாக இருக்கும்போது சாதுவாகத் தெரியும். அதில் ஒரு ஜோடி சேர்ந்துவிட்டால், அந்த இரண்டும் தொட்டியில் ஒரு பாதியை எழுதி வாங்கிக்கொள்ளும். மற்றவற்றை ஓரத்துக்குத் தள்ளி, தீனிக்கு வரவிடாமல் செய்யும். சத்தமில்லாத சண்டை. கடித்த காயம்கூடப் பல நேரம் இருக்காது, ஒதுங்கியது பட்டினியிலேயே போகும். நோய் என்று நினைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்திருப்பீர்கள். ஆறு குஞ்சு வாங்குவது நல்ல யோசனைதான், ஏனென்றால் இதில் ஆண் பெண்ணை வெளித்தோற்றத்தில் பிரிப்பது கஷ்டம், அதுகளே பார்த்துச் சேர்ந்தால்தான் உண்டு. ஆனால் இரண்டு மட்டும் ஒன்றாக நின்று மற்ற நாலும் எதிர் மூலையில் குவிய ஆரம்பித்த அன்றே, அந்த நாலையும் எடுத்திருக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது: தொந்தரவு செய்யாதீர்கள். வலை போட்டுப் பிடிக்காதீர்கள், பயந்தால் முட்டையை விழுங்கிவிடும் அல்லது துப்பிவிடும். பெண்ணுக்கு நல்ல தீனி கொடுங்கள். மூன்று வாரம் கழித்து ஆர்ட்டீமியா என்ற பொடி இறாலின் முட்டையைப் பொரிக்க ஏற்பாடு செய்யுங்கள். இந்தக் குஞ்சு வாயிலிருந்து வரும்போதே அப்பாவின் அச்சாக, கோடும் துடுப்புமாக இருக்கும். வந்த அன்றே ஆர்ட்டீமியா சாப்பிடும். க்ளவுன் குஞ்சுபோல உயிரை வாங்காது. கடலில் இவை நீள முள் கடல் முள்ளெலிக்குள் ஒளியும். நான் ஒரு பிளாஸ்டிக் பந்தில் ஓட்டை போட்டுக் கறுப்பு கேபிள் டைகளைச் செருகி உள்ளே போட்டேன். வீட்டுக்காரர் அதைப் பார்த்து, திருஷ்டிக்கா என்று கேட்டார். குஞ்சுகளுக்குப் பிடித்திருந்தது.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த மீனின் சொந்த ஊர் இந்தோனேஷியாவின் பங்கைத் தீவுகள். தொட்டிக்காகவே பிடித்துப் பிடித்து, 2007-லேயே அழியும் ஆபத்தில் உள்ள மீன் என்று பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் பொரிந்த குஞ்சுகள் பிழைத்தால், நண்பர்களுக்குக் கொடுங்கள். அந்த அளவுக்குக் கடலில் பிடிப்பது குறையட்டும்.

கேள்வி: அந்தமானில் நானும் என் மனைவியும் கண்ணாடி போட்டுக் கடலுக்குள் பார்த்தோம். வண்ணத்துப்பூச்சி மீன்கள் இரண்டு இரண்டாகவே போயின. உண்மையிலேயே ஜோடிகளா? அப்படி ஒரு ஜோடி தொட்டியில் வைக்க ஆசை. (ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கடலூர் முதுநகர்)

பதில்: பார்த்தது உண்மைதான் ஐயா. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பல வகை ஒரே துணையோடு வருஷக்கணக்கில் சுற்றும். ஒரு பவளப் பரப்பைத் தங்களுடையது என்று வைத்துக்கொண்டு, இரண்டும் சேர்ந்து ரோந்து போகும். வேறு ஜோடி எல்லைக்கு வந்தால் சேர்ந்தே எதிர்க்கும்.

நம் கடற்கரைக்காரர்களுக்குத் தெரிந்த ஓரா மீன் குடும்பத்திலும் இது உண்டு. எல்லா ஓராவும் இல்லை, பவளப்பாறையில் வாழும் சில வகைகள். ஒன்று தலையைப் பாறை இடுக்கில் விட்டுப் பாசி மேயும்போது, மற்றது சற்று மேலே நிமிர்ந்து நின்று சுற்றும் முற்றும் பார்க்கும். பிறகு முறை மாறும். அது மேய, இது காவல். இதில் இரண்டும் ஒரே பாலாக இருக்கும் ஜோடிகளும் உண்டு என்று கண்டிருக்கிறார்கள். ஆக, ஜோடி என்றாலே முட்டைக்காகத்தான் என்று வைத்துக்கொள்ள முடியாது. வயிறாரச் சாப்பிட ஒரு காவல் ஆள் வேண்டியிருக்கிறது.

தொட்டி ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். அவற்றில் பல வகை உயிருள்ள பவளத்தைத் தவிர வேறு எதையும் சீண்டாது. பவளம் நம் நாட்டில் கடல்குதிரைக்குச் சொன்ன அதே சட்டத்தில் வருகிறது. நீங்கள் வாங்கிவந்தால் அந்த ஜோடி உங்கள் ஹாலில் சேர்ந்து பட்டினி கிடக்கும். அடுத்த தடவை அந்தமான் போகும்போது இரண்டு பேரும் மறுபடி பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: எங்கள் க்ளவுன் ஜோடி தொட்டியில் கிடந்த ஓட்டுத் துண்டில் முட்டை வைத்தது. ஆண் விசிறிக்கொண்டே இருந்தது. எட்டாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு முட்டைகூட இல்லை. தின்றுவிட்டனவா? ஜோடிக்குள் ஏதாவது பிரச்சினையா? (ஆசிரியை, மஞ்சக்குப்பம்)

பதில்: பிரச்சினை ஒன்றும் இல்லை டீச்சர். அநேகமாகப் பொரிந்துவிட்டன. முதல் ஒன்றிரண்டு தடவை தின்பது உண்டு, ஆனால் அது முதல் இரண்டு மூன்று நாளிலேயே நடந்துவிடும். நிறத்தைக் கவனித்தீர்களா? வைத்த அன்று ஆரஞ்சு, பிறகு பழுப்பு, கடைசியில் ஒவ்வொரு முட்டையிலும் இரண்டு வெள்ளிக் கண் மின்னும். கண் மின்னினால் அன்றிரவோ மறுநாள் இரவோ பொரியும். நம் ஊர் வெப்பத்துக்கு ஏழு எட்டு நாள் சரியான கணக்கு. விளக்கு அணைந்து ஓரிரண்டு மணி நேரத்துக்குள் பொரியும், காலையில் ஓடு துடைத்தாற்போல இருக்கும். குஞ்சுகள், தண்ணீர் அழுக்கை நுரையாக இழுக்கும் உங்கள் ஸ்கிம்மருக்குள் போயிருக்கும். மன்னிக்கவும், வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை.

காப்பாற்ற வேண்டுமானால் கண் மின்னும் நாளில் ஓட்டை அப்படியே எடுத்து, அதே தண்ணீர் நிரப்பிய இருட்டுத் தொட்டியில் மெல்லிய காற்றுக் குமிழிக்குப் பக்கத்தில் வையுங்கள். பிறகு தீனிக்கு ரோட்டிஃபர் என்ற மிகப் பொடி நீர் உயிர் வேண்டும். முதல் வாரத்துக்கு ஆர்ட்டீமியாகூட அந்த வாய்க்குப் பெரிது. ரோட்டிஃபர் வளர்க்கப் பச்சைப் பாசி வேண்டும். உங்கள் சமையலறை அதோடு போயிற்று. உங்களுக்குப் பரங்கிப்பேட்டை பக்கம்தானே. அங்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது, க்ளவுன் குஞ்சு பொரித்து வளர்த்தவர்கள். போய்க் கேட்டு வாருங்கள்.

கூடவே ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடல் தண்ணீர் பிடித்துவந்து ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். கெடிலமும் பெண்ணையாறும் கலக்கும் நாட்களில் கரையோரத் தண்ணீரில் உப்பு எவ்வளவோ இறங்கிவிடும். உப்பு அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.025 பக்கம் வராத தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். முட்டையிடுவது அதனாலேயே நின்றுபோகும், நீங்கள் ஜோடி பிரிந்துவிட்டது என்று எனக்கு எழுதுவீர்கள்.

கேள்வி: ஃபயர்ஃபிஷ் இரண்டு. ஒரு மாதம் ஒரே பொந்தில் தூங்கின. நேற்று ஒன்று தரையில் காய்ந்து கிடந்தது. தற்கொலையா? (வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: துரத்தியதில் குதித்திருக்கிறது. உண்மையான ஃபயர்ஃபிஷ் ஜோடி லேசில் பிரியாது. ஆனால் சேராத இரண்டு ஒரு மாதம் பொறுத்துக்கொண்டு, ஒரு நாள் ஒன்று மற்றதை வெளியே தள்ளிவிடும். அதுவும் பயந்தால் மேலே பாயும் மீன். தொட்டிக்கு வலை மூடி போடாதது முதல் தப்பு. இருப்பதைத் தனியாகவே விடுங்கள்.

கேள்வி: என்னிடம் ஒரே ஒரு க்ளவுன்தான் இருக்கிறது. அது சாயங்காலம் ஆனால் தொட்டியின் இடது பக்கம் போய், கண்ணாடி எதிரே நின்று நடுங்குகிறது. ஜோடி வேண்டும் என்று கேட்கிறதா? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், குருசுக்குப்பம்)

பதில்: கண்ணா, நல்ல கண் உனக்கு. சாயங்காலம் அறையில் வெளிச்சம் குறைந்து தொட்டி விளக்கு மட்டும் எரியும்போது, பக்கக் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். அதில் தன்னையே இன்னொரு மீன் என்று நினைக்கிறது. அந்த மீன் ஒரு தடவைகூடப் பெரியவளாக நடந்துகொள்வதில்லை, இது நடுங்கினால் அதுவும் நடுங்குகிறது. குழம்பிப் போயிருக்கும் பாவம். இடது பக்கக் கண்ணாடிக்கு வெளியே ஒரு பழைய தினத்தாளை ஒட்டி, அறை விளக்கையும் போட்டு வை. ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் பார்த்து, நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.